கிராடோ போறீங்களா? மொதல்ல அக்விலேயாவுல இறங்குங்க

இத்தாலி ட்ரிப் பிளான் பண்றவங்க யாரு கேட்டாலும் வெனிஸ்ல ரெண்டு நாள் போட்டுட்டு அப்புறம் எங்க போறதுன்னு முழிப்பாங்க, நான் சொல்றது ஒன்னே ஒன்னு தான், கிராடோ போங்க. வெனிஸுக்கும் ட்ரியெஸ்தேவுக்கும் நடுவுல, ஏட்ரியாட்டிக் கடலோட வடக்கு மூலையில ஒரு லகூனுக்குள்ள (கடலோர உப்பங்கழி) உக்காந்திருக்குற குட்டித் தீவு ஊரு. ஜனத்தொகை எட்டாயிரம் பக்கத்துல தான். வெனிஸ் ஊரா ஆகறதுக்கு முன்னாடியே இங்க பெரிய சர்ச் கட்டி பிஷப் உக்காந்தாச்சு, அதனாலயே இத வெனிஸோட அம்மான்னு சொல்றவங்களும் உண்டு. ஆனா நம்மாளுங்க பெரும்பாலும் பீச் ரிசார்ட்னு நெனச்சு மதியம் போயி கால் நனைச்சுட்டு சாயங்காலம் திரும்பிடறாங்க. நானும் மொத தடவ அதே தான் பண்ணேன், அதுவும் ஆகஸ்ட்ல, மண்ட காயற வெயில்ல. ஒன்னும் புரியல, ஐஸ்கிரீம் மட்டும் நல்லா இருந்துச்சு. ரெண்டாவது தடவ தான் சரியான வரிசையில போனேன், அந்த வரிசைய சொல்லத்தான் இந்த போஸ்ட்.

வரிசை என்னன்னா, மொதல்ல அக்விலேயா, அப்புறம் கிராடோ, கடைசியா பார்பானா தீவு. ஏன்னு கேட்டா ஊரு உருவானதே அந்த வழியில தான். கி.மு. 181ல ரோமானியங்க அக்விலேயாவ உண்டாக்குனாங்க, கடல்ல இருந்து கொஞ்சம் உள்ள, ஆத்தோரமா. ரோமப் பேரரசுல பெரிய வியாபார ஊர்கள்ல ஒன்னா அது வளந்துச்சு. அதுக்கு கடல் பக்கத்து வாசப்படி தான் கிராடோ. வாசப்படின்னு சும்மா சொல்லல, லத்தீன்ல 'கிராதுஸ்'னா படி, கப்பல்ல இருந்து எறங்குற எடம், பேரே அதுல இருந்து வந்தது தான். அப்புறம் 452ல ஹூணன் அத்திலா வந்து அக்விலேயாவ அடிச்சு நொறுக்கினான், 568ல லொம்பார்டுங்கற ஜெர்மானிய இனத்துக்காரங்க படையெடுத்து வந்தப்ப அங்க இருந்த பேட்ரியார்க் (பிஷப்புக்கும் மேல இருக்குற சர்ச் தலைவர்) பவுலினுஸ் சர்ச் பொக்கிஷத்த எல்லாம் தூக்கிக்கிட்டு கிராடோவுக்கு ஓடி வந்துட்டார், குதிரப்படையால தண்ணிய தாண்டி வர முடியாதுல்ல. ஆக ஓடி வந்தவங்க ஊரு இது. எங்கேருந்து ஓடி வந்தாங்கன்னு பாக்காம நேரா கிராடோவுல போய் நின்னா, பாதியில தியேட்டருக்குள்ள நுழைஞ்ச மாதிரி தான் இருக்கும்.

சரி, எப்படி போறது. வெனிஸ் மெஸ்த்ரேல இருந்து ட்ரியெஸ்தே போற ரீஜனல் ட்ரெயின் ஏறுங்க, செர்விஞ்ஞானோவுல இறங்குங்க, சுமாரா ஒன்னேகால் மணி நேரம். ட்ரியெஸ்தே பக்கத்துல இருந்து வந்தா முக்கால் மணி நேரம். இங்க ரெண்டு குழப்பம் வரும். ஸ்டேஷன் பேர் போர்டுல 'செர்விஞ்ஞானோ அக்விலேயா கிராடோ'ன்னு மூணு பேரும் போட்டிருக்கும், உடனே வந்துட்டோம்னு நெனச்சுராதீங்க, கிராடோவுக்கு இன்னும் பதினெட்டு இருபது கிலோமீட்டர் பஸ்ல போகணும், தீவுக்கு ட்ரெயினே கிடையாது. இன்னொன்னு, அதே ஏரியாவுல கிராதிஸ்கான்னு வேற ஒரு ஊரு இருக்கு, அது கடலே இல்லாத உள்நாட்டு ஊரு, ஆப்ல அவசரத்துல டைப் பண்ணும்போது அது வந்து நிக்கும், பாத்து. பேப்பர் டிக்கெட்னா பிளாட்பாரத்துல இருக்குற சின்ன மெஷின்ல முத்திரை குத்திட்டு ஏறணும், ஆன்லைன் டிக்கெட்னா செக்இன் பண்ணணும். மறந்தீங்கன்னா டிடிஆர் சிரிச்சிக்கிட்டே ஃபைன் எழுதுவார், டிக்கெட் வாங்கியாச்சேன்னு நீங்க வாதாடறதெல்லாம் எடுபடாது.

ஸ்டேஷன் வாசல்லயே பஸ் நிக்கும். அக்விலேயா கால் மணி நேரம், கிராடோ அரை மணிக்கு கொஞ்சம் மேல. பஸ் டிக்கெட்ட ஸ்டேஷன்ல, இல்லன்னா 'தபாக்கி'ன்னு சொல்ற பெட்டிக்கடையில (வெள்ள 'T' எழுத்து போட்ட போர்டு தொங்கும்) முன்னாடியே வாங்கிக்கோங்க. ஞாயித்துக்கிழமை பஸ் கொறைச்சல், இத நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டேன், அக்விலேயா ரோட்டோரத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல சோளக்காட்ட பாத்துக்கிட்டு நின்னேன். பிளைட்ல வர்றவங்களுக்கு ட்ரியெஸ்தே ஏர்போர்ட் தான் கிட்ட, அது ட்ரியெஸ்தேவுல இல்ல, ரோன்கின்ற ஊர்ல இருக்கு, ஏர்போர்ட்டுக்கே ரயில்வே ஸ்டேஷன் உண்டு. நல்லா சைக்கிள் மிதிக்கறவங்களுக்கு ஒரு விஷயம், ஆஸ்திரியாவோட சால்ஸ்பர்க்ல கெளம்பி ஆல்ப்ஸ் மலைய தாண்டி வர்ற ஆல்ப்பே ஆத்ரியா சைக்கிள் பாதை சுமார் 410 கிலோமீட்டர், அது முடியற எடம் இந்த கிராடோ தான். சீசன்ல சாயங்காலம் ஊருக்குள்ள பாத்தீங்கன்னா சைக்கிளோட கடல்ல எறங்காத குறையா ஜெர்மன்காரங்க வந்து சேந்துக்கிட்டே இருப்பாங்க, அந்த மொகத்துல இருக்குற சந்தோஷத்த பாக்கவே ஒரு காபி வாங்கிட்டு உக்காரலாம்.

அக்விலேயாவுக்கு காலையில போயிருங்க, அரை நாள் வேணும். பெரிய சூட்கேஸ உருட்டிக்கிட்டு வராதீங்க, முதுகுல மாட்ற பை தான் இதுக்கு லாயக்கு. மெயினா பாக்க வேண்டியது பசிலிக்கா, அதாவது பெரிய சர்ச். உள்ள நுழைஞ்ச உடனே மேல பாக்க தோணும், கீழ பாருங்க. 760 சதுர மீட்டர் மொசைக் தரை, நாலாம் நூற்றாண்டு ஆரம்பத்துல பிஷப் தெயோதோர் போட்டது, கிறிஸ்தவம் அப்பத்தான் சட்டப்படி செல்லும்னு ஆன காலம். கண்ணாடி நடைபாதைல நின்னு பாத்தா கடல், மீன், வல போடற குட்டிப் பசங்க, யோனாவ முழுங்கற மீன், அது மீன் மாதிரியே இருக்காது, ஏதோ பாம்பும் டிராகனும் கலந்து செஞ்ச மாதிரி இருக்கும். சேவலும் ஆமையும் சண்டை போடற படத்த தேடி கண்டுபிடிங்க. இந்த தரை பல நூற்றாண்டா மேல இன்னொரு தரை போட்டு மூடி கெடந்துச்சு, 1909ல தான் தோண்டி எடுத்தாங்க. மூடி வச்சதால தான் தேயாம இருக்கு. ரெண்டு நிலவறை இருக்கு, அதையும் விட்றாதீங்க, ஒன்னுல சுவரோவியம், இன்னொன்னுல தோண்டி எடுத்த பழைய அடுக்குகள்.

பசிலிக்கா பின்னாடி முதல் உலகப்போர்ல செத்த சிப்பாய்ங்களோட கல்லறை இருக்கு. 1921 அக்டோபர் 28ல இந்த பசிலிக்காவுக்குள்ள தான் பேர் தெரியாத பதினோரு சிப்பாய்ங்க சவப்பெட்டிய வச்சு, போர்ல மகன பறிகொடுத்த மரியா பெர்காமாஸ்ங்கற அம்மாவ ஒன்ன தேர்ந்தெடுக்க சொன்னாங்க. அந்த பெட்டி ட்ரெயின்ல ரோமுக்கு போச்சு, இன்னைக்கும் ரோம்ல அணையா வெளக்கு எரியற எடத்துல இருக்கறது அவர் தான். மீதி பத்து பேரும் இங்கயே இருக்காங்க. டூரிஸ்ட் கூட்டம் அந்த பக்கம் அவ்வளவா வராது, அஞ்சு நிமிஷம் போயிட்டு வாங்க.

அங்கேருந்து சைப்ரஸ் மரம் வரிசையா நிக்கற ஒரு பாதை ஆத்தங்கரையோரமா போகும், அது தான் பழைய ரோமானிய துறைமுகம். கப்பல் கட்ட ஓட்ட போட்ட கல்லெல்லாம் அப்படியே இருக்கு, ஆறு தான் இப்போ ஓடை மாதிரி சுருங்கி போச்சு. இவ்வளவு சின்ன தண்ணியிலயா கப்பல் வந்துச்சுன்னு சிரிப்பு வரும், அப்போ ஆறு அகலமா இருந்துச்சு. என்ன சரக்கு வந்து போச்சுன்னு தெரிஞ்சுக்கணுமா, 1986ல கிராடோவுக்கு எதிர்ல கடலுக்கடியில ஒரு ரோமானிய சரக்கு கப்பல் கெடைச்சுது, யூலியா ஃபெலிக்ஸ்னு பேர் வச்சாங்க, 1999ல மேல தூக்குனாங்க. உள்ள 500க்கு மேல ஆம்போரா ஜாடி, மீனு, மீன ஊற வச்சு புளிக்க விட்டு எடுக்கற காரும் சாஸ், கூடவே ஒரு பீப்பாய் நெறைய ஒடைஞ்ச கண்ணாடி, ஆமா, உருக்கி திரும்ப செய்யறதுக்கு பழைய கண்ணாடிக்கு அப்பவே வியாபாரம். ஆம்போரான்னதும் நமக்கு அரிக்கமேடு ஞாபகம் வரும், அங்க தோண்டினப்பவும் ரோமானிய ஆம்போரா துண்டுங்க கெடைச்சுது, அந்த காலத்து சரக்கு ரோடு எவ்வளவு நீளம்னு பாத்துக்கோங்க.

மதியத்துக்கு மேல பஸ் ஏறி கிராடோவுக்கு. இடது பக்க ஜன்னல் புடிங்க. அக்விலேயா வயல்காடு திடீர்னு முடிஞ்சு ரெண்டு பக்கமும் தண்ணி ஆயிரும், அஞ்சு கிலோமீட்டருக்கு லகூன் நடுவுல நேர்கோடா ரோடு. இடது பக்கம் தூரத்துல தண்ணி மேல மரமும் ஒரு கோபுரமும் மெதக்கற மாதிரி தெரியும், அது தான் பார்பானா, நாளைக்கு போகப்போற எடம். தண்ணி வத்தற நேரம்னா ரெண்டு பக்கமும் சேறு, சேத்துல வெள்ள கொக்கு. எனக்கு இந்த அஞ்சு நிமிஷம் மொத்த ட்ரிப்லயே புடிச்ச பகுதி.

கிராடோ பழைய ஊரு ரொம்ப சின்னது, குறுக்க நடந்தா பத்து நிமிஷத்துல கடல் வந்துரும். மேப் வேண்டாம், சும்மா சந்து சந்தா போங்க. மீனவங்க வீடுங்க, வெளில மாடிப்படி, ஜன்னல்ல பூத்தொட்டி, நடுவுல 'காம்போ தெய் பாத்ரியார்க்கி'ன்னு ஒரு முற்றம், அங்க தான் எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு. மொதல்ல சின்ன சர்ச், சாந்தா மரியா தெல்லே கிராட்சியே. அது தான் வயசுல பெருசு, அஞ்சாம் நூற்றாண்டுல ஆரம்பிச்சது, பெருசு பக்கத்துல இருக்கறதால யாரும் கவனிக்க மாட்டாங்க. உள்ள தரை ரெண்டு மட்டத்துல இருக்கும், ஒரு பக்கம் பழைய தரைய தோண்டி காட்டியிருக்காங்க. அப்புறம் எண்கோணத்துல இருக்குற ஞானஸ்நான கட்டடம். கடைசியா அந்த பெரிய சர்ச், சாந்த் எவுஃபேமியா.

சாந்த் எவுஃபேமியா 579ல பேட்ரியார்க் எலியா திறந்து வச்சது. தூணெல்லாம் ஒன்னு மாதிரி ஒன்னு இல்லாம கலர் கலரா இருக்கும், ஓடி வந்தவங்களுக்கு புதுசா செதுக்க ஏது நேரம், பழைய ரோமானிய கட்டடத்துல இருந்து எடுத்து நிறுத்திட்டாங்க. தரை மொசைக்ல அலை அலையா டிசைன், அதுக்கு நடுநடுவுல லத்தீன் எழுத்து. சாமி வசனம்னு நெனச்சேன், கிட்ட போய் படிச்சா நன்கொடை குடுத்தவங்க பேரு! இன்னாரு, இன்னார் குடும்பம், இத்தன அடி தரைக்கு காசு குடுத்தாங்கன்னு. நம்மூர் கோயில் ட்யூப்லைட்ல வெளிச்சமே வராத அளவுக்கு உபயம்னு பேர் எழுதி வைப்பாங்கல்ல, அதே தான், 1400 வருஷம் முன்னாடி, கல்லுல. அதுக்கப்புறம் எனக்கு அந்த சர்ச் ரொம்ப சொந்தமா போச்சு, ஒரு மணி நேரம் குனிஞ்சுக்கிட்டே பேரு படிச்சேன். மேல பாக்கணும்னா பிரசங்க மேடைய பாருங்க, அதுக்கு மேல குட்டி குடை மாதிரி ஒரு கூரை, கிழக்கத்திய ஸ்டைல்ல இருக்கும். மெயின் பீடத்துல 1372ல செஞ்ச வெள்ளித் தகடு. தோள், முட்டி மூடற மாதிரி டிரஸ் போட்டுக்கோங்க, பீச்ல இருந்து நேரா ஈரத்துண்டோட வர்றவங்கள உள்ள விட மாட்டாங்க.

வெளில வந்து மணிக்கூண்டு உச்சிய பாருங்க, 1455ல கட்டுன கோபுரம், மேல ஒரு செம்பு தேவதை காத்து அடிக்கற பக்கம் திரும்பும், 1462ல வெனிஸ்காரங்க குடுத்தது. ஊர்க்காரங்க 'அன்ஸோலோ'ன்னு செல்லமா கூப்பிடுவாங்க. அந்த கிஃப்ட் வந்த சமயத்த கவனிங்க. 1451ல தான் பேட்ரியார்க் பதவியவே கிராடோகிட்ட இருந்து எடுத்து வெனிஸுக்கு மாத்திட்டாங்க. பதவிய எடுத்துக்கிட்டு பொம்மைய குடுத்துருக்காங்கன்னு தான் எனக்கு தோணுச்சு. ஊரோட சொந்த பேச்சு 'கிராயிஸான்', இத்தாலியன் தெரிஞ்சவங்களுக்கே சரியா புரியாது, அந்த பேச்சுலயே கடைசி வரைக்கும் கவிதை எழுதுன பியாஜோ மாரின் (1891-1985) இந்த ஊர்க்காரர் தான். அவர் பேர்ல இருக்குற சதுக்கத்துல ஒரு பழைய பசிலிக்காவோட அஸ்திவாரம், ரோமானிய கோட்டை மிச்சம் எல்லாம் தோண்டி திறந்து வச்சிருக்காங்க, டிக்கெட்டும் இல்ல ஒன்னும் இல்ல, ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டே எட்டி பாக்கலாம்.

இப்போ பீச். இந்த ஊரு பீச்சுக்கு ஒரு ஸ்பெஷல், தெற்க பாத்து இருக்கு, அதனால காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில் விழும், சூரியத் தீவுன்னு பட்டப்பேரே உண்டு. இத கண்டுபிடிச்சவங்க டாக்டருங்க. அப்போ இது ஆஸ்திரியா ஹங்கேரி ராஜ்ஜியத்துல இருந்துச்சு, 1873ல நோஞ்சான் குழந்தைங்களுக்கு கடல் காத்து வைத்தியம் பாக்க ஒரு இல்லம் தொறந்தாங்க, 1892ல பேரரசர் ஃபிரான்ஸ் யோசப் அரசாணை போட்டு இத அதிகாரபூர்வ வைத்திய கடற்கரை ஊரா அறிவிச்சார். சூடான மண்ணுல உடம்ப பொதைச்சு வாத நோய்க்கு வைத்தியம் பண்றது இன்னும் நடக்குது. கடலோரத்துல வெள்ளையா நிக்கற வில்லே பியாங்கி வீடுங்க அந்த காலத்து மிச்சம். முதல் உலகப்போருக்கு அப்புறம் தான் கிராடோ இத்தாலிக்கு வந்துச்சு, இப்பவும் மெனு கார்டுல ஜெர்மன் இருக்கும்.

மெயின் பீச்ல குடை, சாய்வு நாற்காலி எல்லாம் வாடகை, சீசன்ல குடும்பமா போனா பில் கொஞ்சம் கடிக்கும். காசு வேண்டாம்னா மேற்கு பக்கம் கோஸ்தா ஆத்ஸூர்ராவுல இலவச பகுதி பாருங்க. தண்ணி ரொம்ப ஆழமில்ல, எவ்வளவு தூரம் நடந்தாலும் முட்டி தாண்டாது, சின்ன பசங்கள வச்சிருக்கறவங்களுக்கு வரம், நீச்சல் அடிக்கணும்னு வர்றவங்களுக்கு எரிச்சல். ஜூன் இல்லன்னா செப்டம்பர் போங்க. ஜூலை ஆகஸ்ட்ல ரூம் விலை ஏறிடும், நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் பாதி ஹோட்டல் மூடி கெடக்கும், 'போரா'ன்னு ஒரு வடகிழக்கு காத்து அடிக்கும் பாருங்க, குடைய பிரிக்கவே பிரிக்காதீங்க. ரூம் பழைய ஊர்லயோ துறைமுக கால்வாய் பக்கத்துலயோ எடுங்க, கொஞ்சம் தள்ளி இருக்குற பினேத்தா ஏரியா பக்கம் விலை கம்மி ஆனா ராத்திரி சாப்பிட நடக்கணும்.

சாப்பாடுன்னா 'போரேத்தோ ஆ லா கிராயிஸானா'. எண்ணெய்ல பூண்டு போட்டு கருக விட்டு எடுத்துட்டு, அதுல மீன போட்டு, மிளகு அள்ளி போட்டு, வினிகர் ஊத்தி வத்த விடறாங்க. தக்காளி போட மாட்டாங்க. கூட வெள்ள சோள மாவு களி, பொலேந்தான்னு பேரு. காரசாரமில்லாத இத்தாலி சாப்பாட்டுல நொந்து போன நாக்குக்கு அந்த மிளகும் புளிப்பும் எப்படி இருக்கும்னு சொல்லவே வேண்டாம். நிறைய கடையில ரெண்டு பேருக்கு சேத்து தான் செய்வாங்க, தனியா போனா முன்னாடியே கேளுங்க. சைவம்னா மீனவ ஊர்ல கொஞ்சம் கஷ்டம் தான், ஃப்ரிக்கோன்னு சீஸும் உருளக்கெழங்கும் போட்டு மொறுமொறுன்னு சுடற அடை ஒன்னு இந்த மாநில ஐட்டம், அது கெடைச்சா தப்பிச்சீங்க. மதியம் ரெண்டரைக்கு கிச்சன் மூடிருவாங்க, அப்புறம் ராத்திரி ஏழுக்கு தான், நடுவுல பசிச்சா பிஸ்கெட் தான் கதி. பில்லுல 'கோப்பெர்தோ'ன்னு ஆளுக்கு ஒன்னு ரெண்டு யூரோ சேத்திருப்பாங்க, ஏமாத்தல, இலை போட்ட காசு மாதிரி அது.

ரெண்டாவது நாள் காலையில பார்பானா. துறைமுகத்துல இருந்து படகு, அரை மணி நேரத்துக்குள்ள போயிடும், சீசன் இல்லாத மாசத்துல தினமும் ஓடாது, முந்தின நாளே படகுத்துறையில டைம் கேட்டு வச்சுக்கோங்க. 582ல ஒரு பெரிய புயல்ல மாதா சிலை அலையில வந்து இந்த எடத்துல ஒதுங்குச்சுன்னு ஐதீகம், அதுக்கு கட்டுன கோயில். இப்போ நிக்கற கட்டடம் புதுசு தான், ஆனா உள்ள சுவர் பூரா வேண்டுதல் படம், புயல்ல தப்பிச்ச படகு, மரத்துல இருந்து விழுந்து பொழச்ச பையன், கார் ஆக்சிடென்ட் வரைக்கும் வரஞ்சு மாட்டியிருக்காங்க, அதுக்காகவே போகலாம். ஜூலை மொத ஞாயிறு 'பெர்தோன் தே பார்பானா' திருவிழா, கொள்ளை நோயில இருந்து தப்பிச்சதுக்கு 1237ல நேந்துக்கிட்டதாம், இன்னைக்கும் ஊர்ல இருக்குற மீன்பிடி படகெல்லாம் கொடி கட்டி சாந்த் எவுஃபேமியாவுல இருந்து மாதாவ ஏத்திக்கிட்டு வரிசையா லகூன்ல போகும். அன்னைக்கு போகணும்னா ரூம் மாசக்கணக்குல முன்னாடி போடணும்.

திரும்பற வழியில படகுல இருந்து 'கசோனே' பாருங்க, நாணல் வேய்ஞ்ச கூரை குடிசை, மீனவங்க மாசக்கணக்குல குடும்பத்தோட இதுல தான் இருந்தாங்க. உள்ள போய் பாக்கணும்னா லகூன் டூர் படகு தனியா எடுக்கணும். கொசு மருந்து கட்டாயம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அங்க கொசு நம்மள தூக்கிட்டு போயிரும். திங்கக்கிழமை அக்விலேயா மியூசியம் பொதுவா லீவு, அதனால ட்ரிப்ப செவ்வாயோ புதனோ ஆரம்பிக்கற மாதிரி வச்சுக்கோங்க. ஊரு திரும்பற பஸ்ஸுக்கு டிக்கெட்ட முந்தின நாளே வாங்கி பர்ஸ்ல வச்சிருங்க, மதியம் கடை சாத்திட்டு தூங்க போயிருவாங்க.